பதினேழு விழுக்காடு: தன்பாலினத் திருமணக் கணிப்புகளை எப்படிப் படிப்பது?

மலேசியாவில் தன்பாலினத் திருமணம் பற்றிப் பேச்சு எழுந்தால் ஓர் எண் உடனே முன்னால் வந்துவிடும்: 17. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023 நவம்பரில் ஆசியாவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்துகொள்வதை மலேசியாவில் 17 விழுக்காட்டினர்தான் ஆதரிக்கிறார்கள் என்றது அது. அதே அறிக்கையில் ஜப்பானில் 68, வியட்நாமில் 65, தாய்லாந்தில் 60, இந்தியாவில் 53, சிங்கப்பூரிலும் தைவானிலும் 45, இலங்கையில் 23, இந்தோனேசியாவில் 5.

இந்த எண்ணை இரண்டு தரப்பும் கையில் எடுத்துக்கொள்கின்றன. "நாடே வேண்டாம் என்கிறது, அப்புறம் என்ன பேச்சு?" என்கிறது ஒரு தரப்பு. "இந்த நாட்டில் எதுவும் மாறாது, கிளம்பிவிட வேண்டியதுதான்" என்று மனம் ஒடிந்துபோகிறது இன்னொன்று. 17 சொல்லாத பல விஷயங்களை இரண்டு தரப்புமே அதன் வாயில் போட்டுவிடுகின்றன என்பது என் எண்ணம். யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், பதில் சொன்னவருக்கு எந்தப் பதில் பாதுகாப்பாக இருந்தது, நம்மைப் போன்றவர்கள் எத்தனை பேரைக் கேட்டார்கள் ஆகியவற்றைப் பார்க்காமல் அந்த எண்ணிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பொது வாக்கெடுப்புக்கும் இது பொருந்தும். வாக்கெடுப்பு நடந்த நாடுகளின் கதைகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இது புரியும்.

கணிப்பும் வாக்கும் ஒன்றல்ல

கருத்துக்கணிப்பு சில நூறு பேரைக் கேட்டு முழு நாட்டின் மனதை மதிப்பிடுகிறது. பொது வாக்கெடுப்பு எல்லோரையும் கேட்கிறது, ஆனால் வந்து வாக்களித்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் தருவதில்லை.

அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி பல தலைமுறைகளாக இறுகியிருந்த நாடு அது. 2015 மே 22 அன்று அரசியல் சாசனத் திருத்தத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். 62.07 விழுக்காட்டினர் தன்பாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நாடு பொது வாக்கெடுப்பின் மூலம் இதைச் சட்டமாக்கியது அதுவே முதல் முறை. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு ஐரிஷ் டைம்ஸ் நாளிதழ் ஒரு கணிப்பை வெளியிட்டது: ஆதரவு 58, எதிர்ப்பு 25, முடிவு செய்யாதவர்கள் 11, வாக்களிக்கப் போவதில்லை என்றவர்கள் 6. கடைசி இரண்டையும் கழித்துவிட்டு, 70-க்கு 30 என்று தலைப்புச் செய்தி ஆனது. வாக்குப்பெட்டியைத் திறந்தபோது இருந்தது 62-க்கு 38. ஆதரவு நான்கே புள்ளி கூடியிருக்க, எதிர்ப்பு பதின்மூன்று புள்ளி ஏறியிருந்தது. "இன்னும் யோசிக்கிறேன்" என்றவர்களில் பெரும்பாலோர் மனதில் ஏற்கெனவே ஒரு விடை இருந்திருக்க வேண்டும். அதை வெளியே சொல்லத் தயங்கியிருக்கிறார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கலிபோர்னியாவில் இதே விஷயம் இன்னும் கடுமையாக நடந்தது. 2008 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தது. ஆறே மாதத்தில், நவம்பர் 4 அன்று, அதைத் தடுக்கும் எட்டாவது முன்மொழிவு வாக்குக்கு வந்தது. வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்புகூட அங்கே பெயர்பெற்ற ஃபீல்ட் கணிப்பு, தடைக்கு 44 பேரும் தடை வேண்டாம் என்று 49 பேரும் இருப்பதாகச் சொன்னது. ஆனால் தடை 52 விழுக்காடு பெற்று வென்றது. "ஆம்" என்று வாக்களித்தால் திருமணம் வேண்டாம் என்று பொருளாகும்படி அந்தக் கேள்வி அமைந்திருந்தது. பதினாறு ஆண்டு கழித்து, 2024-இல், அந்தத் தடையின் மிச்சச் சொற்களை அரசியல் சாசனத்திலிருந்து நீக்குவதா என்று அதே மாநிலம் வாக்களித்தது. நீக்கலாம் என்றவர்கள் 60 விழுக்காட்டுக்கும் மேல்.

டப்ளினிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஆதரவு சொல்வது நாகரிகமான பதிலாக ஆகிவிட்ட காலம் அது. எதிர்ப்பவர்கள் கணிப்பாளரிடம் வாயைத் திறக்கத் தயங்கினார்கள். நம் ஊரில் தயக்கம் எந்தப் பக்கம் இருக்கும்?

செந்தூல் அடுக்குமாடி ஒன்றில் வசிக்கும், எனக்கு நன்கு தெரிந்த அம்மா ஒருவருக்கு ஒருநாள் மாலை கணிப்பு அழைப்பு வந்தது. ஹாலில் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விலைவாசி எப்படி, பெட்ரோல் உதவித்தொகை எப்படி, பிரதமர் எப்படிச் செய்கிறார் என்று கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. அவரும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில், அழைத்த பெண் கேட்டாள்: "ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கிறத நீங்க ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா ஆண்ட்டி?" இவர் ஹாலை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதெல்லாம் நமக்கு வேணாம்மா. எதிர்ப்புன்னே போட்டுக்க" என்று முடித்துவிட்டார்.

அந்த அம்மாவின் அக்கா மகன் மெல்பர்னில் தன் துணைவரோடு இருக்கிறான். தீபாவளிக்கு இங்கிருந்து போகும் முறுக்கு டின் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போகிறது. அந்தத் துணைவருக்குக் காரம் ஆகாது என்று இவர் மிளகாய்த் தூளைக் குறைத்துத் தனியாக ஒரு ஈடு சுடுவார். "அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "என் நம்பர் அவங்ககிட்ட இருக்கு. யாரு என்னன்னு தெரியாத ஆளுகிட்ட வேற என்னத்தப்பா சொல்றது?" என்றார்.

எதிர்ப்பு என்று சொன்ன எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மனமார எதிர்ப்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள், என் சொந்தக் குடும்பத்திலும் உண்டு. ஆனால் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் தன்பாலின உறவுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கக்கூடிய நாட்டில், பிரதமர்களே ஒருவர் பின் ஒருவராக இதை ஏற்க மாட்டோம் என்று மேடையில் சொல்லும் நாட்டில், "எதிர்ப்பு" என்பது எந்த விளைவும் இல்லாத பதில். "ஆதரவு" என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 17 என்பது அந்தத் துணிச்சலோடு சொன்னவர்களின் எண்ணிக்கை. அதைக் குறைந்தபட்ச எண்ணாகப் படிப்பதுதான் நியாயம்.

இந்தச் சிக்கலுக்குக் கணிப்பாளர்களிடம் ஒரு வழி உண்டு. பதிலளிப்பவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். முதல் குழுவுக்கு நான்கு சாதாரண வாக்கியங்களைப் படித்துக்காட்டி, "இவற்றில் எத்தனையை ஒப்புக்கொள்கிறீர்கள்? எவை என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்" என்பார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே நான்கோடு கூச்சம் தரும் ஐந்தாவது வாக்கியத்தையும் சேர்த்துப் படிப்பார்கள். இரண்டு குழுக்களின் சராசரிக்கு இடையிலுள்ள வித்தியாசம் ஐந்தாவதை ஒப்புக்கொண்டவர்களின் பங்கைக் காட்டிவிடும். தனி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது கேட்பவருக்கே தெரியாது. செலவு கூடுதல், மாதிரியும் பெரிதாக வேண்டும். ஆனால் மலேசியாவைப் போன்ற நாட்டுக்கு ஏற்றது இதுதான்.

அதில் நாம் எத்தனை பேர்?

இன்னொரு விஷயம் நம் சமூகத்தை நேரடியாகத் தொடுகிறது. மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. நாடு தழுவிய ஒரு கணிப்பில் 1,200 பேரைக் கேட்டால், அதன் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3 புள்ளிக்குள் இருக்கும். நல்ல கணிப்புதான். ஆனால் அந்த 1,200-இல் இந்தியர்கள் 84 பேர். 84 பேரை வைத்துக்கொண்டு "இந்தியர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று சொன்னால் பிழை வரம்பு 10 புள்ளியைத் தாண்டிவிடும். கணிப்பில் 40 என்று வந்தால் உண்மை 30 ஆகவும் இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். அதற்குள்ளும் தமிழ் பேசுபவர்கள், முப்பது வயதுக்குக் கீழானவர்கள், பினாங்கில் இருப்பவர்கள் என்று பிரிக்கப் போனால் ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய அளவுதான் மிஞ்சும்.

பியூ அறிக்கையே மலேசியாவுக்குள் மதவாரியாகப் பெரிய இடைவெளி இருப்பதைக் காட்டுகிறது. முஸ்லிம்களிடையே ஆதரவு மிகக் குறைவு. பௌத்தர்களிடமும் இந்துக்களிடமும் அது பல மடங்கு அதிகம். இவை எல்லாவற்றையும் கலந்து எடுத்த சராசரிதான் 17. முஸ்லிம்களுக்குத் திருமணச் சட்டமே தனி, மாநில ஷரியா சட்டங்களின் கீழ் வருவது. முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பொருந்தும் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கலப்பு எண்ணை அப்படியே எடுத்துவைப்பது சரியான வாதமாகாது.

ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் எடுத்த இரண்டு கணிப்புகள்கூட எவ்வளவு விலகும் என்பதற்குத் தைவானே சான்று. 2023-இல் பியூ கேட்டபோது ஆதரவு 45. அதே ஆண்டில் தைவான் அரசு எடுத்த கணிப்பில், ஒரே பாலினத்தவருக்குச் சட்டப்படி மணக்கும் உரிமை இருக்க வேண்டும் என்றவர்கள் 62.6 விழுக்காடு. பியூவின் கேள்வி நான்கு படிகளில் ஆதரவையும் எதிர்ப்பையும் கேட்டது. அரசின் கேள்வி, ஏற்கெனவே நடப்பில் உள்ள சட்டம் தந்த உரிமையைப் பற்றியது. இருக்கும் உரிமையைப் பறிக்கச் சொல்ல மனிதர்களுக்கு மனம் வருவதில்லை. எந்த எண் சரி என்று என்னைக் கேட்டால், இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

மக்களிடம் விட்டால்?

"கணிப்பை நம்ப முடியாது என்றால் நேரடியாக வாக்கெடுப்பு வைத்துவிடலாமே" என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. ஜனநாயகமான தீர்வு போலத்தான் தெரிகிறது. நடந்த இடங்களில் நடந்ததைப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவில் 2017-இல் நடந்ததைச் சட்டப்படி பொது வாக்கெடுப்பு என்றே சொல்ல முடியாது. அது அஞ்சல் வழிக் கருத்தறிதல். நடத்தியது தேர்தல் ஆணையம் அல்ல, அந்நாட்டுப் புள்ளியியல் துறை. வீட்டுக்கு வந்த தாளில் ஒரே கேள்வி, இரண்டே கட்டம். தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக உள்ள அந்த நாட்டில் இதற்குப் பதில் அனுப்புவது கட்டாயமில்லை. ஆனாலும் 79.5 விழுக்காட்டினர் அனுப்பினார்கள். நவம்பர் 15 அன்று முடிவு வந்தது: 61.6 விழுக்காடு ஆம். டிசம்பர் 9 முதல் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது.

நம் மக்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி அந்த முடிவில் இருக்கிறது. 150 தொகுதிகளில் 133 ஆம் என்றன, 17 இல்லை என்றன. அந்தப் பதினேழில் பன்னிரண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பெரும்பாலும் மேற்கு சிட்னியில். பிளாக்ஸ்லாந்து தொகுதியில் எதிர்ப்பு 73.9 விழுக்காடு. வெண்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட் என்று தமிழர்கள் நிறைந்து வாழும் இடங்களைக் கொண்ட பரமாட்டா தொகுதியில் எதிர்ப்பு 61.6. நாடு முழுதும் கிடைத்த ஆதரவு எவ்வளவோ, அங்கே எதிர்ப்பு அவ்வளவு. உடனே குடியேறிகள்தான் எதிர்த்தார்கள் என்று எழுதப்பட்டது. இங்கே கோலாலம்பூரிலும் "பார்த்தீர்களா, நம் ஆட்கள் எங்கே போனாலும் நம் ஆட்கள்தான்" என்று சிலர் பெருமையோடு பேசினார்கள், சிலர் வேதனையோடு பேசினார்கள்.

ஆனால் புள்ளியியல் துறை வெளியிட்டது தொகுதிவாரிக் கணக்கு. எந்த இனத்தவர், எந்த மொழியினர், எந்த மதத்தவர் எப்படி வாக்களித்தார்கள் என்ற கணக்கு எங்குமே இல்லை. ஒரு தொகுதியில் தமிழர்கள் அதிகம், அந்தத் தொகுதியில் எதிர்ப்பும் அதிகம் என்பதால் தமிழர்கள் எதிர்த்தார்கள் என்று ஆகிவிடாது. அதே தொகுதியில் லெபனானியர், சீனர், கொரியர், பழைய ஆங்கிலோ குடும்பங்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பரமாட்டாவிலேயே பத்தில் நான்கு பேர் ஆம் என்றார்கள், அவர்கள் யார் என்பதும் தெரியாது. இந்தத் தவறு பயிற்சி பெற்ற செய்தியாளர்களுக்கும் நேர்கிறது. நம் நாட்டில் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் "இந்தியர் வாக்கு இந்தப் பக்கம் சாய்ந்தது" என்று எழுதப்படுவதில் கணிசமான பகுதி இதே தவறுதான்.

வாக்கெடுப்புக்கு ஒரு விலையும் உண்டு. பல வாரங்கள் நடந்த அந்தப் பிரசாரத்தில், மனநல ஆலோசனை சேவைகளுக்கு உதவி கேட்டு வந்தவர்கள் கூடினார்கள். தன் திருமணம் சரியா தவறா என்று பக்கத்து வீட்டுக்காரரும் பஸ் ஓட்டுநரும் தபாலில் தீர்ப்பு அனுப்புவதைக் காத்திருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முடிவு சாதகமாக வந்ததால் அந்த வாரங்கள் இல்லாமல் போய்விடவில்லை.

தைவானில் முடிவு சாதகமாகவும் வரவில்லை. 2017 மே 24 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், தன்பாலினத்தவருக்குத் திருமணத்தை மறுப்பது சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. கெடு முடியும் முன்னே, 2018 நவம்பர் 24 அன்று, எதிர்ப்பாளர்கள் வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார்கள். குடிமைச் சட்டத்தில் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்று இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு 72 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஆதரவாளர்கள் வைத்த எதிர்க் கேள்விக்கு, அதாவது குடிமைச் சட்டத்திலேயே இந்தத் திருமணத்தைச் சேர்க்கலாமா என்பதற்கு, 33 விழுக்காட்டினர்கூட ஆம் என்று சொல்லவில்லை. ஒரே நாளில் மக்கள் கையில் இப்படி ஒன்றுக்கொன்று எதிரான பல சீட்டுகள். குடிமைச் சட்டத்தைத் தொடாமல் வேறு வழியில் உறவைப் பாதுகாக்கலாமா என்ற இன்னொரு சீட்டுக்கு 61 விழுக்காட்டினர் சம்மதம் தந்தார்கள்.

அந்த மூன்றாவது சீட்டுதான் வழி திறந்தது. நீதிமன்றத் தீர்ப்பையும் மீறாமல், வாக்கெடுப்பையும் மீறாமல், தனிச் சட்டம் ஒன்று எழுதப்பட்டது. தலைப்பில் திருமணம் என்ற சொல்லே வராமல், தீர்ப்பின் எண்ணான 748-ஐ மட்டும் வைத்துப் பெயரிட்டார்கள். 2019 மே 17 அன்று நாடாளுமன்றம் நிறைவேற்றியது, மே 24 முதல் பதிவுகள் தொடங்கின. ஆசியாவில் இதுவே முதல். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். அரசுக் கணிப்பில் 2018-இல் 37.4 விழுக்காடாக இருந்த ஆதரவு 2020-இல் 52.5 ஆனது, 2023-இல் 62.6 ஆனது. முதலில் சட்டம், பிறகு பக்கத்து வீட்டில் ஒரு தம்பதி, அதற்குப் பிறகுதான் மனமாற்றம். மக்கள் மனம் மாறட்டும், அப்புறம் சட்டத்தை மாற்றலாம் என்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் முடிவைப் புரட்டிப்போடும். ஸ்லோவேனியாவில் 2015 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில், நாடாளுமன்றம் ஏற்கெனவே நிறைவேற்றிய திருமணச் சட்டத்தை 63.5 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். வாக்களிக்க வந்தவர்களோ 36 விழுக்காடுதான். கணக்குப் போட்டால் மொத்த வாக்காளர்களில் நான்கில் ஒருவரைவிடக் குறைவானவர்கள் அந்தச் சட்டத்தைக் கவிழ்த்திருக்கிறார்கள். ருமேனியாவில் 2018 அக்டோபரில் நேர்மாறு. திருமணம் ஆண் பெண்ணுக்கு மட்டுமே என்று சாசனத்தில் எழுத வாக்கெடுப்பு நடந்தது. வந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆம் என்றார்கள். ஆனால் வந்ததே 21 விழுக்காடு, தேவைப்பட்டது 30. புறக்கணித்தவர்களே வென்றார்கள். ஸ்லோவேனியாவில் 2022-இல் அரசியல் சாசன நீதிமன்றம் வாக்கெடுப்பின் விளைவைத் துடைத்துப்போட்டு, திருமண உரிமையைக் கொடுத்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அயர்லாந்து வாக்கெடுப்பை நன்றாக நடத்திக்காட்டிய நாடு. வாக்கெடுப்புக்கு முன்பே 66 சாதாரணக் குடிமக்கள், 33 அரசியல்வாதிகள், ஒரு தலைவர் என்று நூறு பேர் கொண்ட சாசன மாநாடு கூடி, வாதப் பிரதிவாதங்களைக் கேட்டு, 2013-இல் 79 விழுக்காட்டு ஆதரவோடு பரிந்துரை செய்தது. பிறகு இரண்டு ஆண்டு நாடே பேசியது. வாக்களிப்பதற்காகவே லண்டனிலிருந்தும் தொலைதூர ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். 2018 மே 9, புதன்கிழமைத் தேர்தலுக்கு சிங்கப்பூரிலிருந்து இரவோடு இரவாகப் பஸ் பிடித்து வந்தவர்களைக் கண்ட நமக்கு அந்தக் காட்சி நன்றாகப் புரியும்.

யாருடைய உரிமை, யாருடைய வாக்கு

இங்கேதான் அடிப்படைக் கேள்வி வருகிறது. சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையினரின் வாக்குக்கு விடலாமா? கூடாது என்பதே என் நிலை. அதற்கு என்னிடம் உள்ள வலுவான சான்று ஸ்விட்சர்லாந்து. எதற்கெடுத்தாலும் வாக்கெடுப்பு நடத்தும் அந்த நாட்டில், பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-இல் ஆண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். 1971-இல்தான் கிடைத்தது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறிய மாநிலத்தில், மாநில விவகாரங்களில் பெண்கள் வாக்களிப்பதை 1990-இலும் ஆண்கள் மறுத்தார்கள். அதே ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2021 செப்டம்பர் 26 அன்று தன்பாலினத் திருமணம் வாக்குக்கு வந்தபோது நாடு முழுதும் 64.1 விழுக்காடு ஆம். அந்தச் சிறிய மாநிலமும் மயிரிழையில் ஆம் என்றது.

அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைப் பற்றி 1958-இல் கேலப் நிறுவனம் கேட்டபோது ஏற்றுக்கொண்டவர்கள் 4 விழுக்காடு. 1967-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய தடைகளைச் செல்லாது என்றது. கணிப்பில் பெரும்பான்மை வருவதற்கு 1990-கள் ஆயின. நீதிமன்றம் கணிப்புக்காகக் காத்திருந்தால் ஒரு முழுத் தலைமுறை காத்திருந்திருக்கும். தன்பாலினத் திருமணத்தில் கேலப் எண்கள் இன்னும் வேகமாக ஏறின: 1996-இல் 27, 2011-இல் முதல் முறையாகப் பாதியைத் தாண்டியது, 2021-இல் 70.

இதற்கு நம் வீட்டிலேயே கதை இருக்கிறது. 1929 இறுதியில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கியபோது, அவரை வரவேற்றவர்களும் உண்டு, வரவே கூடாது என்றவர்களும் உண்டு. ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் நடக்கும் சீர்திருத்தத் திருமணம் திருமணமே ஆகாது என்று சொன்னவர்கள் அன்று நம் சமூகத்தில் ஏராளம். அன்றைக்குத் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டிருந்தால் 17 விழுக்காடு வந்திருக்குமா என்பது சந்தேகமே. தமிழ்நாட்டில் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றமே அத்தகைய திருமணங்கள் செல்லாது என்றது. 1967-இல் அண்ணா அரசு சட்டம் கொண்டுவந்துதான் அவற்றுக்கு உயிர் கொடுத்தது. வாக்கெடுப்பு நடக்கவில்லை.

மலேசியாவிலும் அப்படியே. ஓர் இந்து ஆண் வழக்கப்படி ஒன்றுக்கு மேல் மணக்கலாம் என்றிருந்த நிலை, 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்ததோடு முடிந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பது அன்றிலிருந்துதான் நமக்கு இங்கே சட்டம். அதை நாடாளுமன்றம் செய்தது, நம் பாட்டிமார்களிடம் வாக்கெடுப்பு நடத்திச் செய்யவில்லை. இதே சட்டத்தின் 69-ஆம் பிரிவுதான், மணமக்கள் ஆணும் பெண்ணுமாக இல்லாவிட்டால் திருமணம் செல்லாது என்றும் சொல்கிறது. கோயில் மண்டபத்தில் தாலி கட்டும் முன்னோ பின்னோ நாம் கையெழுத்துப் போடும் ரெஜிஸ்தர் இந்தச் சட்டத்தின் கீழ் வருவது.

கூட்டரசுச் சாசனத்தில் பொது வாக்கெடுப்புக்கு வழியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலேசியா உருவான காலத்தில் நடந்த ஒன்று நம் வரலாற்றில் உண்டு: 1962 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூரில், மலேசியாவோடு இணைவது பற்றி. வாக்குச்சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றுமே இணைவதுதான், எப்படி இணைவது என்பதில் மட்டுமே வேறுபாடு. இணைய வேண்டாம் என்று சொல்ல இடமில்லாததால் கால்வாசிப் பேர் வெற்றுச் சீட்டைப் போட்டார்கள். கேள்வியை எழுதுபவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இந்த வட்டாரத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மலேசியாவில் தன்பாலினத் திருமணத்துக்கு என்றாவது வாக்கெடுப்பு வைத்தால் அந்தச் சீட்டை யார் எழுதுவார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் திக்கென்றிருக்கிறது.

அதே சிங்கப்பூர் 2022 நவம்பரில், ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய தன் 377ஏ பிரிவை நாடாளுமன்றத்தின் வழியே நீக்கியது. திருமணத்தின் வரையறையை நீதிமன்றம் தொட முடியாதபடி சாசனத்தையும் அன்றே திருத்திக்கொண்டது. அதாவது தண்டனை வேறு, திருமணம் வேறு என்று பிரித்துக் கையாண்டது. எனக்கு அந்த இரண்டாவது பாதியில் உடன்பாடு இல்லை. ஆனால் இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகப் பார்க்கலாம் என்பதை அது காட்டுகிறது. வடக்கே தாய்லாந்தில் 2024-இல் கீழவையில் 400-க்கு 10, மேலவையில் 130-க்கு 4 என்ற வாக்குகளில் திருமணச் சட்டம் நிறைவேறியது. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. பினாங்கிலிருந்து ஹாட்ஜாய்க்குக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே செல்லும் ஒரு திருமணப் பதிவு, எல்லைச் சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் செல்லாது.

இந்தப் பக்கம் பேசுவதற்கே இடம் குறைவு. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து இரண்டு உரிமைப் போராளிகளின் படங்கள், சமய விவகார அமைச்சரின் தலையீட்டால் இறக்கப்பட்டன. சுவரில் ஒரு படத்துக்கே இடமில்லாத ஊரில், தொலைபேசியில் முன்பின் தெரியாதவரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறோம்.

ஆகவே கணிப்பே வேண்டாம் என்பதல்ல என் வாதம். நம் சமூகத்தைப் பற்றி ஒழுங்கான கணிப்பு ஒன்று வேண்டும் என்பதே. ஆயிரம் இந்தியர்களைத் தனியாகக் கேட்டால் பிழை வரம்பு 3 புள்ளிக்கு இறங்கிவிடும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, தமிழ் பேசும் மாணவர்கள் இரண்டு இடத்திலும் இருக்கிறார்கள். தொலைபேசிக்குப் பதிலாக, பதிலளிப்பவரே தனியாக நிரப்பி உறையில் போட்டு ஒட்டிக்கொடுக்கும் தாளாக இருக்கலாம், அல்லது மேலே சொன்ன எண்ணிக்கை முறையாக இருக்கலாம். திருமணத்தை மட்டும் கேட்காமல் நான்கைத் தனித்தனியாகக் கேட்கலாம்: இதற்காக ஒருவரைச் சிறையில் போடுவதை ஏற்கிறீர்களா? வேலையிலிருந்து நீக்குவதை ஏற்கிறீர்களா? மருத்துவமனையில் துணைவரைப் பார்க்க அனுமதி மறுப்பதை ஏற்கிறீர்களா? உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படி என்று தெரியவந்தால் தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிடுவீர்களா? செந்தூல் அம்மாவிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டுப்பார்த்தேன். "அவன் வராமப் போனா அவனுக்குத்தான் இருக்கு" என்றார்.